டாம்பாவில் இனி ஒரு ஆட்டம்தான்

வின்னிபெக்,
மார்ச் 2013

சிரஞ்சீவி மாப்பிள்ளை வென்டெல் அவர்களுக்கு மாமனார் ஓரெஸ்ட் கொஸ்தினியுக் அநேக ஆசிகளுடன் எழுதுவது.

இங்கே நானும் பனியும் சௌக்கியம். அங்கே டாம்பாவில் நீங்களும் மகள் லாரிசாவும் வெயிலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன முறை நான் வந்திருந்தபோது நீங்கள் கட்டிக்கொடுத்த ஆரஞ்சுப் பழங்கள் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தன. விமான நிலையத்துக் கார் நிறுத்தத்தில் வண்டி கிளம்ப மறுத்து நான் அதனோடு மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவை கல்லாக உறைந்துவிட்டன. சுத்தியலால் தட்டித் தின்றேன். ருசிக்குக் குறைவில்லை. நிற்க.

லாரிசாவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடிதத்தின் போக்கில் அது தெரியவரும். தெரியாவிட்டால் இன்னொரு முறை படிக்கவும். ஐஸ் ஹாக்கி லீகின் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, அடுத்த சீசனிலிருந்து எங்கள் அணியைத் தென்கிழக்குப் பிரிவிலிருந்து எடுத்து நடுப்பிரிவில் போடுவதென்று முடிவு செய்துவிட்டார்கள். நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதாவது, இனிமேல் எங்கள் அணி டாம்பாவுக்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஆட வரும். அணி ஒரு தடவை வந்தால் நானும் ஒரு தடவைதான் வருவேன். இதற்கு மேல் கடிதத்தில் புதிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஊரே அப்படித்தான் கேட்கிறது. மாப்பிள்ளை, நீங்கள் அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்தவர், அந்த அணி முதலில் உங்களுடையது, ஆகையால் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, இருந்தும் விளக்குகிறேன், ஏனென்றால் இங்கே கேட்க ஆளில்லை. உங்கள் ஊரில் கூட்டம் சேரவில்லை என்று அணியை விற்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள், மட்டைகளைக் கொண்டுவந்தார்கள், புதுச் சட்டை தைத்தார்கள், பழைய பெயரைத் தூசு தட்டிச் சூட்டினார்கள். ஆனால் அடுத்த சீசனுக்கு நேரம் நெருங்கிவிட்டதால் பிரிவை மட்டும் மாற்ற முடியவில்லை. வீடு மாறி வந்தவனுக்குப் பழைய குடித்தனக்காரரின் தபாலும் சேர்ந்து வருவதுபோல உங்கள் ஊரின் பிரிவும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. மூச்சு விட்டால் மூக்குமுடி உறையும் ஊர், கடற்கரை ஊர்களோடு ஒரே பிரிவில் இரண்டு குளிர்காலம் இருந்தது. பிரிவென்றால் என்ன? குடும்பம் மாதிரிதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடிக்கடி முகத்தைப் பார்த்தாக வேண்டும். முதல் வருஷம் டாம்பாவோடு ஆறு ஆட்டம், அதில் மூன்று அவர்கள் வீட்டில். மூன்று தடவையும் நான் வந்து உங்கள் விருந்தாளி அறையில் படுத்தேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. அது மட்டுமில்லை, இல்லாமல் போன உங்கள் அட்லாண்டா அணியின் சட்டையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாட்டிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு என் அணி, அரங்கத்துக்கு அதன் அணி, உங்களுக்கு யாருமில்லை. நடுவில் லாரிசா உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுவாகக் கை தட்டினாள்.

அந்தச் சட்டையைப் பற்றி உங்களிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை. அணி போனால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 1996ல் எங்கள் பழைய அணியை இதே மாதிரி தெற்கே ஒரு பாலைவன ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது லாரிசா பள்ளிக்கூடப் பெண், ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பதினைந்து வருஷம் கழித்து எங்களுக்கு மறுபடி அணி கிடைத்த அன்று ஊரே போர்ட்டேஜ் சந்தியில் நின்று ஆடிக்கொண்டிருந்தது, நானும் என் முழங்கால் அனுமதித்த மட்டும் ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "வாழ்த்துகள் மாமா. நல்லாப் பாத்துக்குங்க" என்றீர்கள். என் பெண்ணை உங்களுக்குக் கொடுத்த அன்று நான் உங்களிடம் சொன்னதும் அதேதான். அன்றைக்கு முடிவு செய்தேன், மாப்பிள்ளை, நீங்கள் நல்ல மனிதர் என்று. அதற்கு முன்னால் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். செய்தி வந்த காலையில் நாங்கள் வழக்கம்போல டோனட் கடையில் இருந்தோம். எதிர்வீட்டு ஐனாரை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் மேசைமேல் ஏறி ஐஸ்லாந்துப் பாட்டுப் பாடியவன். அவன் வானொலியில் செய்தியைக் கேட்டதும் எழுந்து நின்று எல்லோருக்கும் காப்பி சொன்னான். ஐனார் அடுத்தவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. "இனிமே மினசோட்டா நம்ம பிரிவு. காலைல வேன்ல ஏறினா சாயங்காலம் மேட்ச் பாக்கலாம். என் மச்சான் வீட்டுல படுக்கை. இதுவரைக்கும் நம்ம பசங்க பாதி சீசன் விமானத்துலயே கெடந்தாங்க பாவம், சொந்த வீட்டு வாசலை மறந்துட்டாங்க" என்றான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நான் தட்டவில்லை. "இது தப்பு" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன வாயை மூடியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் நகரப் பேருந்துப் பணிமனையில் வண்டி ரிப்பேர் பார்த்தவனுக்கு எதையும் பிரித்துக் காட்டாமல் இருக்க முடியாது. மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து அணிகளாக அடுக்கினேன். ஜன்னலோரம் வின்னிபெக், என் மடிப்பக்கம் டாம்பா, உப்பைக் கோடாகத் தூவிப் பிரிவுகள். "இங்க பாருங்க. நம்மளை இங்கருந்து எடுத்து நடுவுல வெச்சா, நடுவுல இடம் வேணும். அதனால டெட்ராய்ட்டைத் தூக்கிக் கிழக்க போடறான். கொலம்பஸையும் தூக்கிக் கிழக்க போடறான். அப்புறம் மிச்சத்தையெல்லாம் மாத்தி அடுக்கறான். கல்யாண விருந்துல ஒரு அத்தையை எழுப்பி வேற மேசைக்கு அனுப்பிப் பாருங்க, மண்டபமே எந்திரிச்சு இடம் மாறணும். ஒரு ஊரு மாறினதுக்கு இத்தனை பேரு ஏன் மாறணும்? நாம பேசாம தென்கிழக்குலயே இருந்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்லையே" என்றேன்.

"டேய், நாம தென்கிழக்கு இல்லடா" என்றான் ஐனார்.

"எதுக்குத் தென்கிழக்கு? அலாஸ்காவுக்கு நாம தென்கிழக்குதானே."

இது நல்ல வாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கையை வீசிச் சொன்னதில் டாம்பாப் பொட்டலம் ஐனாரின் காப்பியில் விழுந்தது. அவன் அதை விரலால் எடுத்துப் பார்த்து, "சர்க்கரை வியாதிக்காரன் காப்பில டாம்பாவைப் போடறான்" என்றான். கடைக்காரப் பெண் மரிசெல் துணியோடு வந்து, "அங்கிள், உப்பையெல்லாம் யாரு தொடைப்பா? லீக் நடத்தறதுன்னா வீட்டுல போய் நடத்துங்க" என்று மொத்தக் கண்டத்தையும் ஒரே இழுப்பில் துடைத்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். வீட்டுக்கு வந்து வானொலியைப் போட்டால் அங்கேயும் இதே பேச்சு. நேயர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, புதுப் பிரிவு வந்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் குனிந்து தலையாட்டுகிற இடத்தில் ஒரு தலையாவது நிமிர வேண்டாமா என்று நானும் கூப்பிட்டேன். சொந்தப் பெயரைச் சொன்னால் வம்பு என்று டிரான்ஸ்கோனா பேட்டையிலிருந்து பீட்டர் என்று சொன்னேன். குரலைக்கூடக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டேன். நிகழ்ச்சிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "பீட்டர், நம்ம ஆட்டக்காரங்க எவ்வளவு தூரம் பறந்து அலுத்துப் போறாங்க தெரியுமா?" என்றார். "விமானத்துல தூங்கலாமே, நான் தூங்கறேனே" என்றேன். "ரசிகர்கள் எதிரணி ஊருக்கு வண்டி ஓட்டிப் போக முடியலையே?" என்றார். "எல்லாரும் வண்டி ஓட்டிப் போயிட்டா பக்கத்து ஊர்லயே சுத்துவாங்க. தூரத்துல இருக்கறவங்களை யாரு போய்ப் பாக்கறது?" என்றேன். "அதுவும் ஒரு கேள்விதான்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தத் தெம்பில், பணிமனை வயர்லெஸ்ஸில் முப்பது வருஷமும் பேச்சை முடித்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிட்டது. "சரி, அவ்வளவுதான். கொஸ்தினியுக், வடக்குப் பணிமனை, முடிஞ்சுது" என்றேன்.

"பீட்டர்னு சொன்னீங்களே?" என்றார் அவர். நான் தொலைபேசியை வைத்தேன். இந்த ஊரில் கொஸ்தினியுக் என்ற பெயரில் பணிமனையில் வேலை செய்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் காலையில் பனி கொட்டியிருந்தது. ஐனாரிடம் பனி அள்ளி வீசும் மெஷின் இருப்பது உங்களுக்குத் தெரியும். தன் வாசலைத் தள்ளிவிட்டு அப்படியே தெருவைத் தாண்டி என் வாசலையும் தள்ளிவிட்டுப் போவான், பத்து வருஷப் பழக்கம், ஒரு வார்த்தை பேச மாட்டான், நானும் நன்றி சொல்ல மாட்டேன், கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் அவன் வாசலில் தானாக நிற்கும். அன்று அவன் மெஷின் தெருவின் நடுவில் வந்து நின்றது, திரும்பிப் போய்விட்டது. அது போதாதென்று நகராட்சி லாரி ஒதுக்கிவிட்டுப் போன பனி மொத்தமும் என் பக்கம் கரையாக நின்றது. மண்வெட்டியோடு வாசலில் இறங்கினேன். எதிர் ஜன்னலில் திரை அசைந்தது. முழங்கால் வலித்ததைக் காட்டிக்கொள்ளாமல் வெட்டினேன், வலிக்காதவன் மாதிரி சீட்டியடிக்கக்கூட முயன்றேன், அந்தக் குளிரில் சீட்டி வரவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் உக்ரேனியக் கோயிலுக்குப் போனேன். தவக்கால வெள்ளிகளில் கோயில் சமையலறையில் எல்லோரும் சேர்ந்து பெரோகி பிடித்து விற்பது வழக்கம், உருளைக்கிழங்கு வைத்த நம் கொழுக்கட்டை, நீங்கள் உங்கள் வீட்டில் கெட்ச்சப் தொட்டுத் தின்றீர்களே, அதுதான். நான் மடிக்கிற மேசையில் சீனியர். என் மடிப்பு கொதிநீரில் வாய் பிளக்காது. அன்றைக்கு என் நாற்காலியில் வேறொருவர். சமையலறையை ஆளுகிற மிஸஸ் பாவ்லிக் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குத்தான் தெற்குன்னா உசிராச்சே. அடுப்போரம் போய் நில்லு, வெக்கையா இருக்கும். அப்படியே அந்த வெங்காயத்தையும் உரிச்சுடு" என்றாள். ஒரு மூட்டை உரித்தேன். கண்ணீர் கொட்டியது. ஓரெஸ்ட் மனம் திருந்திவிட்டான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வெங்காயத்துக்குப் போக மிச்சமும் அதில் இருந்தது, ஆனால் அது மனம் திருந்தியதல்ல.

ஏனென்றால் நான் ஒருமுறை இதே கோயிலில் இதற்காகவே வேண்டிக்கொண்டவன். போன வருஷமே பிரிவை மாற்றப் பார்த்தார்கள் அல்லவா, ஆட்டக்காரர்கள் சங்கம் ஒப்புக்கொள்ளாமல் அது நின்றுபோயிற்று. ஊரே சங்கத்தைத் திட்டியது. நான் மெழுகுவத்தி ஏற்றினேன். யாருக்கு என்று பாதிரியார் கேட்டார். ஸ்டெஃபானியாவுக்கு என்றேன். பொய்யில்லை. அவள் இருந்திருந்தால் எனக்கு இந்த லீகின் தயவு தேவைப்பட்டிருக்காது.

உங்கள் மாமியாரை நீங்கள் அதிகம் பார்க்கவில்லை. அவளுக்கு யார் வீட்டுக்குப் போகவும் காரணம் வேண்டாம். போவாள், உட்காருவாள், பேசுவாள், வருவாள். எங்களில் மற்றவர்களுக்கு அது வராது. இந்த ஊரில் ஆண்பிள்ளை ஒருவன் இன்னொருவன் கதவைத் தட்டினால் கையில் ஒன்று இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க ஒரு பாத்திரம், கடன் கேட்க ஒரு ஏணி, வண்டி கிளம்பவில்லை என்கிற ஒரு சங்கடம். வெறும் கையோடு வந்தால் என்னமோ நடந்துவிட்டது, யாரோ செத்துவிட்டார் என்று பொருள். ஸ்டெஃபானியா போனபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிசாவோடு தொலைபேசியில் பேசுவது நான்தான். "அங்க எவ்வளவு?" என்பேன். "இருபத்தெட்டுப்பா. அங்க?" "மைனஸ் முப்பது." "ஐயோ." "பழகிடுச்சு." அப்புறம் இரண்டு பேரும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவோம். அப்புறம் வைத்துவிடுவோம். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று, மாப்பிள்ளை.

பிறகுதான் அணி வந்தது, பிரிவு வந்தது. "டாம்பால மேட்ச் இருக்கு, டிக்கெட் சும்மா கெடக்கு, அப்படியே ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்" என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது. நான் கவனித்திருக்கிறேன், எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் நானும் அவளும் பேச மாட்டோம். அரங்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு வருகிறது. அதுவும் உடனே வராது. முதல் ஆட்டத்தில் வெயில், கார், பக்கத்து வீட்டு நாய். இரண்டாம் ஆட்டத்தில் உடம்பு, என் முழங்கால், அவளுடைய முதுகு. மூன்றாவது ஆட்டத்தில்தான் விஷயம்.

முதல் வருஷம் அந்த மூன்றாவது ஆட்டத்தில், இடைவேளையில், நீங்கள் தின்பண்டம் வாங்கப் போயிருந்தீர்கள். ஐஸைச் சமன் செய்கிற வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. லாரிசா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, நவம்பர்ல உண்டாகியிருந்தேன். ரெண்டு மாசம் தங்குச்சு. அப்புறம் போயிடுச்சு. அம்மா இருந்திருந்தா அம்மாகிட்டச் சொல்லியிருப்பேன்." "அந்த வண்டிக்காரன் ஓரத்தை விட்டுட்டுப் போறான் பாரு" என்றேன். உலகத்தில் எந்த அப்பனும் இதைவிட மட்டமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டான். அவள் பார்த்தாள். "ஆமாம்பா, விட்டுட்டான்" என்றாள். சின்ன வயதில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது செய்வாள், அதேபோல என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள். ஆட்டம் முடியும்வரை எடுக்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை, நீங்கள் கேட்டபோது தப்பாகச் சொன்னேன்.

இந்தக் குளிர்காலம் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு, பாதி சீசன் கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் லாரிசாவும் இரண்டாம் ஆட்டத்து முழங்காலோடு நின்றுவிட்டோம். இனி வருஷத்துக்கு ஒரே ஆட்டமென்றால் கணக்கு உங்களுக்கே புரியும். வெயிலைத் தாண்டி நாங்கள் போகவே மாட்டோம். ஒவ்வொரு வருஷமும் நாய், கார், அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

நேற்று ஐனார் வந்தான். கதவைத் திறந்தால் கையில் வண்டிக்குக் கரண்ட் கொடுக்கிற கேபிளோடு நிற்கிறான். "உன் கேபிள். திருப்பிக் கொடுக்கலாம்னு" என்றான்.

"நான் உனக்குக் கேபிள் கொடுக்கலையே."

"அப்ப வேற யாரோடதோ. இருக்கட்டும், வெச்சுக்க" என்று உள்ளே வந்து உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன். பாதி குடித்தபிறகு, "உனக்குப் பொண்ணைப் பாக்கணும். அதுக்கு எதுக்குடா கொலம்பஸ்காரனை வம்புக்கு இழுக்கற?" என்றான்.

"அவங்களை யாரு இழுத்தா? இருக்கற எடத்துல இருக்கட்டும்னுதானே சொல்றேன்."

"ஒரு டிக்கெட்டை எடுத்துட்டுப் போ."

"போயி?"

"போயி உக்காரு."

"எதுக்கு வந்தேன்னு கேட்டா?"

"யாரு கேப்பா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான் கஷ்டம்" என்றேன்.

ஐனார் மேசைமேல் கிடந்த கேபிளைப் பார்த்தான். "அதுஞ் சரிதான்" என்றான். காப்பியை முடித்துவிட்டுப் போனான். இன்று காலையில் என் வாசல் சுத்தமாக இருந்தது.

உங்கள் வீட்டில் செய்வதற்கு ஏதாவது வேலை இருந்தாலாவது அதைச் சொல்லிக்கொண்டு வருவேன். மாப்பிள்ளை, குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உங்கள் வீட்டில் எதுவும் கெடுவதில்லை. வந்தபோதெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறேன். குழாய் சொட்டுவதில்லை. கதவு கிறீச்சிடுவதில்லை. அந்தப் புது வாஷிங் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. இப்படியொரு வீட்டில் ஒரு மெக்கானிக் எத்தனை நாள் தங்க முடியும்? ஆரஞ்சு தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். லீக் செய்தது ஊருக்கு நல்லது. ஆட்டக்காரர்கள் தூங்கட்டும், ஐனார் மினசோட்டா போகட்டும். அணி வந்த ஊருக்கு நியாயம், எனக்கு ஆறுதல், இரண்டும் ஒரே மேசையில் அடங்காது என்பதைச் சர்க்கரைப் பொட்டலத்திலேயே பார்த்துவிட்டேன். அடுத்த குளிர்காலத்தில் ஒரு தடவை வருகிறேன். அதற்குள் வர மாட்டேன், ஏன் என்று கேட்டு வற்புறுத்தவும் வேண்டாம். இதை லாரிசாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வெயிலைத்தான் விசாரிப்பேன். அவளை நல்லாப் பாத்துக்குங்க.

அவளுக்கு என் ஆசிகள். அட்லாண்டாவில் உங்கள் அம்மாவுக்கு வணக்கம். அந்த ஊரில் பழைய சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம். உங்கள் பின்பக்கக் குளத்து முதலையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும். கர்த்தர் உங்கள் இருவரையும் குறையின்றி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
ஓரெஸ்ட்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் லாரிசா கூப்பிட்டாள். இன்று ஞாயிறுகூட இல்லை, யாரோ செத்துவிட்டார் என்றே பயந்துபோனேன். "அப்பா, பிரிவு மாறிடுச்சாமே. இனிமே ஒரு மேட்ச்தானாமே" என்றாள். "ஆமாம்மா" என்றேன். மூச்சு விட்டோம். அப்புறம் சொன்னாள், "அப்பா, வாஷிங் மெஷின்ல ஏதோ சத்தம் வருது. வென்டெலுக்குப் புரியல. நீங்க வந்து பாக்க முடியுமா?"

அந்த மெஷின் சத்தமே போடாது என்று மேலே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் தொழில் தொழில்தான். "எந்தப் பக்கம் சத்தம்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "இடது பக்கம்."

"இடது பக்கம் மட்டும்னா கால் சமமா இல்ல, அவ்வளவுதான். வென்டெலைத் திருகச் சொல்லு. அரை மணி வேலை" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் மறுபடி யோசித்தாள். "வலது பக்கமும் வருதுப்பா."

"ரெண்டு பக்கமும்னா முழுசாக் கழட்டித்தான் பாக்கணும். நாளாகும்மா."

"ஆகட்டும்பா."

"ரெண்டு வாரம்கூட ஆகலாம்."

"ஆகட்டும்."

பழைய நாள்காட்டிப்படி மே ஐந்தாம் தேதி வருகிற நம்முடைய ஈஸ்டர் முடிந்த மறுவாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். எங்கள் அணி மே மாதம் வரை ஆடுகிற ஜாதி இல்லை என்பது ஊரறிந்தது, ஆகவே ஆட்டத்துக்கும் என் வருகைக்கும் சம்பந்தமில்லை. மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். ஒரே ஒரு உதவி, மாப்பிள்ளை. நான் வருவதற்குள் அந்த மெஷினில் இரண்டு பக்கமும் ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். லாரிசாவுக்குத் தெரிய வேண்டாம்.